ஈசல் சைவமான வருஷம்

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் நகரத்தில் அரிசி வேக மறுத்தது. அடுப்பு எரிந்தது, தண்ணீர் கொதித்தது, குக்கர் வழக்கம்போல மூன்று விசில் அடித்தது, மூடியைத் திறந்தால் அரிசி போட்டது போட்டபடி கிடந்தது. பருப்பும் அப்படியே, உருளைக்கிழங்கும் அப்படியே, அரை மணி நேரம் அவித்த முட்டையை உடைத்தால் வழவழவென்று ஒழுகியது, தோசைக்கல்லில் ஊற்றிய மாவைக் கரண்டியால் வழித்துத் திரும்பப் பாத்திரத்தில் போட வேண்டியதாயிற்று, ஆட்டுக்கறி ரத்தம் மாறாமல் குழம்பில் மிதந்தது, பால் சூடானதே தவிரப் பொங்கவில்லை. நெருப்பு கையைச் சுட்டது, குப்பையை எரித்தது, மயானத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, சோறு மட்டும் ஆக்கமாட்டேன் என்றது.

ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசிய ஆறு பேருக்கும் தெரியாது. எங்கள் ஆட்களுக்குக் காரணம் தேவையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வீட்டிலும் வேகவில்லையா என்று கேட்டார்கள், வேகவில்லை என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு மனம் ஆறிவிட்டது. மீதிப் பேர் கேஸ் சரியில்லை என்றார்கள், லாரித் தண்ணீர் சரியில்லை என்றார்கள், சமையல் செய்ய வருகிறவள் கை சரியில்லை என்று சொல்லி அவளை நிறுத்தினார்கள்.

எங்கள் குடியிருப்பின் பெயர் ஸ்ரீ சௌபாக்கியா என்கிளேவ். நகரத்தின் தெற்கே ஓர் ஏரியைத் தூர்த்து, மூன்று ப்ளாக்காக, நூற்றிருபது வீடுகளாகக் கட்டியது. ஏ ப்ளாக்கில் சொந்தக்காரர்கள், பி ப்ளாக்கில் கடன் வாங்கிச் சொந்தக்காரர்கள் ஆனவர்கள், சி ப்ளாக்கில் வாடகைக்கு இருப்பவர்கள். நான் பி ப்ளாக் மூன்றாவது மாடி, ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன். யாரையும் ஏசாமல் என்னால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாது என்பது என் மனைவியின் கட்சி. இந்தக் கதையில் நானும் இருப்பதால் ஏச்சில் என் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாரத்தில் வாழைப்பழம் தீர்ந்தது, வெள்ளரிக்காய் தீர்ந்தது, தேங்காய் தீர்ந்தது. இரண்டாம் வாரத்தில் அவலும் பொட்டுக்கடலையும் பிஸ்கட்டும் தீர்ந்தன, புதிதாக வறுக்கவோ சுடவோ எந்த ஊர் நெருப்பும் சம்மதிக்கவில்லை. ஊறவைத்த பயற்றைத் தின்று பாதிக் குடியிருப்புக்கு வயிறு போயிற்று. காபி இறங்கவில்லை, தூளில் வெந்நீரை ஊற்றினால் வெந்நீராகவே சொட்டியது. அதற்கு ஏ ப்ளாக்கில் ஒருவர் குழந்தைபோலத் தேம்பி அழுததை நான் லிஃப்டில் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் மழை பெய்து விட்டது. வாசல் விளக்கடியில் ஈசல் கொட்டியது. எங்கள் வளாகத்தைப் பெருக்கும் பச்சையம்மா அதை வாரிக்கொண்டு போய், ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, மண்சட்டியில் கொட்டிக் கிளறினாள். அது பொரிந்தது. நகரம் முழுவதும் எதையும் தொடாத நெருப்பு, சட்டியில் கிடந்த பூச்சியை மட்டும் பொன்னிறமாக வறுத்துக் கொடுத்தது. நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை எட்டு மாடிக்கும் ஏறியது.

பச்சையம்மா இருளர் சாதிக்காரி. ஏரி இருந்த காலத்தில் அவளுடைய ஆட்கள் அதன் கரையில்தான் இருந்தார்கள், ஏரி போனதும் அவர்களும் ரயில்பாதைக்கு அந்தப்பக்கம் போனார்கள். அவளுக்கு நதியா என்று ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூற்று நாற்பத்தெட்டு மார்க், நர்ஸ் படிப்பதற்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், பழங்குடி என்ற சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அந்தக் கோட்டாட்சியர் எங்கள் ஏ ப்ளாக் நான்காவது மாடி மாசிலாமணி. பச்சையம்மா தினம் காலையில் அவர் காரைத் துடைத்தாள், அவர் தினம் காலையில் அந்தக் காரில் ஏறி அவள் மகளின் கோப்பு இருக்கும் அலுவலகத்துக்குப் போனார்.

மாசிலாமணி சந்தேகக்காரர். இருளர் வீட்டில் நதியா என்று பெயர் வைப்பார்களா என்று முதல் வருஷம் கேட்டார். இரண்டாம் வருஷம் ஜீப்பில் அவர்கள் குடிசைக்கே விசாரணைக்குப் போய், குனிந்து உள்ளே நுழைந்து, பானை மூடியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே சாம்பார் இருந்ததால் இவர்கள் இருளராக இருக்க முடியாது என்று எழுதிவிட்டு வந்தார். உண்மையான இருளர் எலி தின்பான், ஈசல் தின்பான், சாம்பார் எப்படி வரும் என்பது அவர் கேள்வி. அதே வருஷம்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம், வளாகத்துக்குள் ஈசல் வறுத்ததற்காக அதே பச்சையம்மாவை எச்சரித்து, பணியாளர்கள் அருவருப்பான உணவுகளைச் சமைக்கக் கூடாது என்று லிஃப்டுக்குள் ஒட்டியது. கீழே வறுத்தால் அருவருப்பு, வீட்டில் சாம்பார் வைத்தால் மோசடி.

ஆனால் பசி வந்துவிட்டதே. முதலில் குழந்தைகளை அனுப்பினார்கள். பிறகு குழந்தைக்கு என்று கிண்ணத்தோடு தாய்மார்கள் வந்தார்கள். பிறகு மருந்துக்கு என்று வயதானவர்கள் வந்தார்கள். நான்காம் நாள் எந்தச் சாக்கும் இல்லாமல் ஆண்கள் டிபன் கேரியரோடு வரிசையில் நின்றார்கள், அலுவலகம் போகும் அவசரத்தில் அவளை அதட்டவும் செய்தார்கள். நானும் நின்றேன். முதல் வாய் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாம் வாய் திறந்துகொண்டு, மூன்றாம் வாய்க்கு மேல் எங்கள் ஆட்களுக்கு வெட்கம் தாங்குவதில்லை.

எங்கள் வளாகத்தின் ஈசான மூலையில் ஒரு புற்று இருக்கிறது. கட்டியவன் பயந்து இடிக்காமல் விட்டது, மஞ்சள் பூசி, பாவாடை கட்டி, வெள்ளிக்கிழமை பால் ஊற்றி அம்மனாக வைத்திருந்தோம். மழை இல்லாத நாளிலும் அதிலிருந்து ஈசலை வரவழைக்கப் பச்சையம்மாவுக்குத் தெரியும். ஏதோ விதைகளை இடித்த பொடியைப் புற்றுக்கண்ணில் தூவி, ஒரு குழி தோண்டி, துணி கட்டி, விளக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பாள், அவை தாமே வந்து விழும். புரட்டாசி வரைக்கும் அந்த ஒரு புற்று எங்கள் நூற்றிருபது வீட்டுக்கும் அள்ள அள்ளக் கொடுத்தது. இதையும் யாரும் ஆச்சரியமாகப் பேசவில்லை, போதவில்லை என்று மட்டும் பேசினார்கள்.

எந்த அதிசயம் வந்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் செய்கிற காரியம் அதற்கு மேல்கீழ் கண்டுபிடிப்பது. சங்கத்தின் பொதுக்குழு கூடியது. செயலாளர் வைஜயந்தி அம்மாள், கல்யாணத்துக்குப் போகும் புடவையில் வந்து, ஈசல் சைவமா அசைவமா என்ற தீர்மானத்தை எடுத்தார். ஈசல் எதைத் தின்கிறது, மரத்தைத் தின்கிறது, மரம் என்ன, தாவரம், ஆகவே ஈசல் பறக்கிற தாவரம் என்று மூன்றரை மணி நேரத்தில் முடிவாயிற்று. வெட்டுக்கிளி புல் தின்பதால் அதுவும் சைவம்தான், ஆனால் குதிப்பதால் கொஞ்சம் குறைந்த சைவம். கரப்பான் எல்லாவற்றையும் தின்பதால் சுத்த அசைவம். எனவே ஏ ப்ளாக்குக்கு ஈசல், பி ப்ளாக்குக்கு வெள்ளிக்கிழமை ஈசலும் மற்ற நாள் வெட்டுக்கிளியும், சி ப்ளாக்குக்குக் கரப்பான், காவலாளிகள் தங்களுக்குக் கிடைத்ததைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. சி ப்ளாக்காரர்கள் எதிர்த்தார்கள் என்று நினைக்காதீர்கள். காவலாளிகளுக்குக் கரப்பான் கொடுக்கக் கூடாது என்றுதான் அவர்கள் திருத்தம் கொண்டுவந்தார்கள்.

ஆடி முடிவதற்குள் ஈசல் பழசாகிவிட்டது. எங்கள் வீட்டில் எப்போதுமே உண்டு, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான் என்று முதலில் ஒரு வீட்டில் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் ஏ ப்ளாக் முழுவதும் கொள்ளுத்தாத்தாக்கள் ஈசல் தின்றவர்களாக ஆகிவிட்டார்கள், சிலர் வீட்டில் அதற்கென்று தனிச் சட்டிகூட இருந்திருந்தது. வைஜயந்தி அம்மாள் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பாரம்பரிய ஈசல் பக்குவ வகுப்பு நடத்தினார், வந்தவர்களுக்கெல்லாம் முத்திரை வைத்த சான்று கொடுத்தார். பச்சையம்மா பின்னால் நின்று இறக்கைகளைப் பெருக்கினாள். மண்சட்டியில் வறுப்பது தவறு, சத்துப் போய்விடும், நான்-ஸ்டிக்கில்தான் வறுக்க வேண்டும் என்று அம்மாள் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு மலருக்கு எட்டுப் பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை என்னிடம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். பழைய பாட்டுகளில் ஈசல் தின்ற செய்தி இருக்கிறதுதான், ஆனால் தின்றவர்கள் சௌபாக்கியா என்கிளேவ்காரர்களின் முன்னோர் என்று எந்தப் பாட்டிலும் இல்லை. அதை நான் சேர்த்தேன், கைதட்டல் பலமாக இருந்தது.

ஆவணியில் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வந்தது. கடைசித் தேதிக்கு எட்டு நாள் இருந்தது, நதியாவுக்கு வயது போய்க்கொண்டிருந்தது, இந்த வருஷமும் தவறினால் எங்கள் மாடிப்படிகளைப் பெருக்க வருவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. பச்சையம்மா ஒரு முடிவோடு, எவர்சில்வர் சம்படத்தில் வறுத்த ஈசலை அடைத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். சாம்பார் இருந்ததால்தானே இல்லை என்றார், இதோ ஈசல், பார்க்கட்டும் என்பது அவள் கணக்கு. அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அவளே எனக்குச் சொன்னாள்.

மாசிலாமணி சம்படத்தைத் திறந்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்றாராம். சுற்றி உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களும் மேஜை மேஜையாக வெட்டுக்கிளி கொறித்துக்கொண்டிருந்தார்களாம்.

"இத பாரும்மா, இதெல்லாம் நாங்களும்தான் சாப்பிடறோம். இதுல உன் ஜாதி எங்க இருக்கு?"

"நீங்க போன மாசத்துலேர்ந்து துன்றீங்க சார். நாங்க எப்பவும் துன்றோம்."

"எப்பவும்னா அதுக்குப் பேப்பர் இருக்கா?"

பேப்பர் இல்லை. அவர் உத்தரவு எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கையில் கொடுத்து, சம்படத்தைத் தன்பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்த உத்தரவைத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். தமிழ் வாத்தியார், மேல்முறையீடு ஒன்று எழுதிக்கொடுங்கள் என்று நதியா கேட்டாள். அவள் அதிகம் பேசாத பெண், கேட்கும்போது தரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், எனக்கு அது பிடிக்கவில்லை. உத்தரவை வாங்கிப் படித்தேன். பூச்சி உண்ணும் வழக்கம் மனுதாரரின் இனத்துக்கு மட்டும் உரியது என்பது ஆவணங்களால் நிறுவப்படவில்லை என்றும், விசாரணை அலுவலராகிய தனக்கும் தனது குடியிருப்பினருக்கும் அவ்வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது என்றும், ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது என்றும் இருந்தது. தொன்றுதொட்டு என்ற சொல் என் கட்டுரையிலிருந்து போனது. எழுதித் தருகிறேன், உத்தரவை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர்கள் நம்பிவிட்டுப் போனார்கள்.

நம்பும்படியாகத்தான் நானும் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தேன். அப்போது என் மகள் சம்யுக்தா உள்ளேயிருந்து பசிக்கிறது என்றாள். சம்யுக்தா நல்ல பெண், படிப்பு வராது, அவள் மார்க்குக்குப் பொதுப் பட்டியலில் எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது. நான் உத்தரவின் இரண்டாம் வரியை மறுபடி படித்தேன். வழக்கம்தான் சாதி, ஆவணம்தான் வழக்கம் என்று ஓர் அதிகாரியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்களிடம் ஆவணத்துக்கு என்ன குறை. பொதுக்குழுத் தீர்மானம் இருக்கிறது, நாற்பது குடும்பத்தின் கையெழுத்து இருக்கிறது, வகுப்புச் சான்று முத்திரையோடு இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, எட்டுப் பக்க ஆய்வு இருக்கிறது. மேல்முறையீட்டை எழுதாமல் உத்தரவை நகல் எடுத்துக்கொண்டு வைஜயந்தி அம்மாள் வீட்டுக்குப் போனேன். யோசனை யாருடையது என்று இப்போது கேட்டால் ஏ ப்ளாக்கில் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். என்னுடையது.

அந்த வாரம் எங்கள் வளாகத்திலிருந்து இருபத்து மூன்று மனுக்கள் போயின. மாசிலாமணி மனசாட்சியுள்ள மனிதர், எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தார், முத்திரைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தன் மகனுடைய மனுவை மட்டும் முறைப்படி வேறோர் அதிகாரிக்கு அனுப்பினார். இருபத்து மூன்று குடும்பங்களும் தொன்றுதொட்டு ஈசல் உண்பவர்கள் என்பதால் இருளர்கள் என்று சான்று வந்தது. முந்தின உத்தரவுக்கு இது முரணாக இல்லையா என்று ஒரு குமாஸ்தா கேட்டதற்கு, அது வேறு கோப்பு என்றாராம். நூற்றிருபது வீட்டில் ஒருவரும் வாய் திறந்து இது அநியாயம் என்று சொல்லவில்லை. மனுப் போடாதவர்கள் கடைசித் தேதி ஏன் முன்பே சொல்லவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

புரட்டாசி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை அரிசி வெந்தது. எப்படி நின்றதோ அப்படியே வந்தது, ஒரு வீட்டில் பழக்கதோஷத்தில் வைத்த உலை பொங்கி அடுப்பில் வழிந்தது, அவ்வளவுதான். அன்று நகரம் முழுவதும் தின்ற தீனியில் ஆஸ்பத்திரிகள் நிறைந்தன. சனிக்கிழமைக்குள் ஈசல் என்ற சொல்லே எங்கள் வளாகத்தில் கெட்ட வார்த்தையாகிவிட்டது. நாமா தின்றோம் என்று கேட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து காறித் துப்பினார்கள். நான்-ஸ்டிக் சட்டிகள் குப்பைக்குப் போயின. ஆய்வுக் கட்டுரையை வெளியே காட்ட வேண்டாம் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்கள். சான்றிதழ்களை மட்டும் லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்கள்.

சம்யுக்தாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. பழங்குடிப் பட்டியலுக்கு ஒதுக்குகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் ஒன்று என் வீட்டுக்கு வந்தது. ஆனால் சேர்வதற்கு முன் சரிபார்ப்புக் குழு ஒன்று நேரில் கூப்பிட்டு விசாரிக்கும் என்று கடிதம் வந்தது. குலதெய்வம் எது, கூட்டப் பெயர் என்ன, கல்யாணத்தில் என்ன செய்வீர்கள், ஈசலை எப்படிப் பிடிப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்களாம். சம்யுக்தா பயந்து அழுதாள். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

நான் கீழே போய்ப் பச்சையம்மாவைக் கூப்பிட்டேன். மாசிலாமணியிடம் நானே பேசுகிறேன், மேல்முறையீடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இதை மட்டும் என் மகளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு என்றேன். அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவளுக்குப் புரிந்தது எனக்கும் புரிந்தது. ஆனால் இந்த வருஷத்து இடம் போய்விட்டாலும் அவள் மகளுக்கு இன்னும் அந்தக் காகிதம் வேண்டியிருந்தது, கேட்பதற்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். சோபாவில் உட்காரச் சொல்லவில்லை, அவர்களும் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார்கள். சம்யுக்தா நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்தாள். பச்சையம்மா ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். கன்னியம்மா அவர்களுடைய சாமி என்றும், மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போய் மணலில் கும்பிடுவார்கள் என்றும், கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் யார் என்ன கேட்பார்கள் என்றும், புற்றைத் தோண்டுவதற்கு முன் எந்தப்பக்கம் நின்று கும்பிட வேண்டும் என்றும், பொடியில் என்னென்ன விதை எவ்வளவு என்றும், தன் அம்மாவின் பெயரும் அவள் அம்மாவின் பெயரும் என்னவென்றும் சொன்னாள். பெயர்களை எழுதட்டுமா என்று சம்யுக்தா கேட்டாள், எழுதிக்கோ என்றாள்.

எல்லாம் முடிந்து எழும்போது நதியா சொன்னாள். அவள் குரல் உயரவில்லை, பரீட்சைக்குப் போகிற தோழிக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"இன்னொண்ணு கேப்பாங்க சம்யுக்தா. இருளப் பொண்ணுன்னா ஒரு வாட்டியாவது இந்தச் சர்டிபிகேட் கிடையாதுன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க. உனக்கு ஒரே வாரத்துல குடுத்திருக்காங்க. தேதிய பாத்தாலே நீ எங்காளு இல்லன்னு தெரிஞ்சிடும். அதுக்கு இன்னா சொல்லுவ?"

பச்சையம்மா மகளின் கையைப் பிடித்தாள். நதியா கையை விடுவித்துக்கொள்ளவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சம்யுக்தாவின் பேனா நோட்டின் மேல் நின்றது. அவள் என் பக்கம் திரும்பி, அப்பா, இதற்கு என்ன எழுதுவது என்று கேட்டாள்.

நதியாவிடம் எடுத்துக்கொள்ள இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இருந்தது.

"ரெண்டு வருஷம் அலையவிட்டாங்க, ரெண்டு தடவை இல்லைன்னாங்கன்னு எழுதிக்கோம்மா" என்றேன்.

சம்யுக்தா எழுதிக்கொண்டாள்.